தொலைந்த சாவியை மறக்கும் கார்

காரின் சாவிகள் எல்லாமே தொலைந்துவிட்டன எனக் கொள்வோம். பூட்டைப் பார்த்துப் புதுச் சாவி வெட்டிவிடலாம், கதவு திறக்கும். ஆனால் எஞ்சின் ஓடாது! ஏன்?

இன்றைய கார்கள் பலவற்றின் சாவித்தலையில் சிறு சில்லு ஒன்றும் கம்பிச்சுருளும் உள்ளன. இச்சில்லுக்கு மின்கலம் தேவையில்லை. சாவித்துளையைச் சுற்றியுள்ள மற்றொரு சுருளில், நொடிக்குச் சுமார் 1,25,000 அலைவுகள் கொண்ட மாறுமின்னோட்டம் பாய்கிறது. அதன் மாறும் காந்தப்புலம் சாவியின் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது! உடனே சில்லு தன் இரகசியக் குறியீட்டை அனுப்பும். காரின் கணிப்பொறி அதை ஏற்றால்தான் எஞ்சின் இயங்கும்.

புதுச் சாவியின் குறியீடு காருக்குத் தெரியாதல்லவா? எனவே தொழில்நுட்பர், உரிமையாளரின் சான்றுகளைச் சரிபார்த்தபின், தம் கருவியைக் காரின் கணிப்பொறியோடு இணைத்துப் பழைய குறியீடுகளை அழிப்பார், புதியதைப் பதிவார். இனி, தொலைந்த சாவி திருடன் கையில் கிடைத்தாலும் கதவு மட்டுமே திறக்கும், எஞ்சின் அசையாது.

ஒரு கேள்வி: சாவியை ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் சில்லு விழிப்பதில்லை. தொலைவு கூடும்போது காந்தப்புலம் என்னவாகும்? சிந்தியுங்கள்!