சிட்டியின் சிவப்புச் சிப்பும் ஒளிவாளும்: எதை எதில் செய்வது?

1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஒளிவாளுக்குக் கைப்பிடியாக இருந்தது ஒரு பழைய கேமரா ஃபிளாஷின் பிடி. கிராஃப்ளெக்ஸ் என்ற நிறுவனம் செய்தது. படத்தின் செட் அலங்காரத்தைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியன் அதை லண்டனில் ஒரு போட்டோ கடையில் கண்டெடுத்து, கறுப்புப் பட்டைகளை ஒட்டி, ஒரு கால்குலேட்டரிலிருந்து கழற்றிய துண்டைச் செருகிப் படப்பிடிப்புக்குக் கொடுத்தார். அதே படத்தில் ஹான் சோலோ இடுப்பில் செருகியிருக்கும் விண்வெளித் துப்பாக்கிக்கு அடிப்படை, பழைய ஜெர்மன் மவுசர் பிஸ்டல். எதிர்காலப் பொருள் என்று நாம் வாய் பிளந்து பார்த்தவை பல, பழைய சாமான் கடையில் பிறந்தவை. வீட்டில் மாதிரி செய்ய உட்காரும் இளைஞருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் இந்த ஆசை பிடித்தவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது “3டி பிரிண்டர் வாங்கலாமா?” என்றுதான். முதல் பொருளை அட்டையில் செய்யுங்கள், பிரிண்டரைப் பிறகு பார்க்கலாம் என்பது என் பதில். காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்துக்கு அட்டையைப் பற்றித் தெரிந்த அளவு வேறு எந்த ஊருக்கும் தெரியாது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்குக் கூடு வேண்டும், கூட்டுக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். இப்படித்தான் வெட்டுவது, மடிப்பது, ஒட்டுவது, சுருட்டுவது எல்லாம் இங்கே தெருத் தெருவாகத் தெரிந்த வேலை ஆயின. அந்த அறிவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இணையத்தில் பார்த்த ஒரே காரணத்துக்காகப் பிளாஸ்டிக் இழைக்குப் பார்சல் போட வேண்டியதில்லை.

பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அலமாரியில் வைத்துப் பார்க்கவா, கையில் பிடித்துச் சுழற்றவா, உடம்பில் மாட்டிக்கொண்டு மேடை ஏறவா? எவ்வளவு நேரம் வெயிலில் இருக்கும்? செய்பவருக்கு எத்தனை வயது? இரண்டாவது கேள்வியை வெளிநாட்டு வீடியோக்கள் கேட்பதே இல்லை. நம் சித்திரை வெயிலில் அதுதான் முதல் கேள்வி.

அட்டை

கடையில் போய் வெறுமனே ‘அட்டை’ என்று கேட்காதீர்கள். நான்கு வகை தேவைப்படும். நுணுக்கமான மடிப்புகளுக்கு 300 ஜி.எஸ்.எம். டூப்ளெக்ஸ் போர்டு. உடம்புச் சட்டத்துக்கு, பைண்டிங் வேலையிலும் தினசரி காலண்டரின் பின்புறத்திலும் பயன்படும் கெட்டி அட்டை. குழாய் சுருட்ட கிராஃப்ட் தாள். இயந்திரப் பலகை போன்ற பரப்புகளுக்குப் பார்சல் பெட்டியின் நெளி அட்டை. அந்த நெளி அட்டையின் ஒரு பக்கத் தாளை லேசாக ஈரப்படுத்தி உரித்துவிட்டால் உள்ளே இருக்கும் வரிவரியான பரப்பு வெளியே வரும். கருஞ்சாம்பல் வண்ணம் அடித்தால் விண்கலத்தின் காற்றுத் துளைப் பலகை தயார்.

கத்தியை எடுப்பதற்கு முன் அட்டையின் நாரோட்டம் பார்க்க வேண்டும். ஒரு துண்டை இரு கைகளிலும் பிடித்து நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை லேசாக வளையுங்கள். ஒரு வாக்கில் இணங்கி வளையும், மறு வாக்கில் முரண்டு பிடிக்கும். இணங்கி வளையும்போது மடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுதான் நாரின் திசை. குழாய் சுருட்டும்போது நார் குழாயின் நீளத்தோடு போக வேண்டும், இல்லாவிட்டால் தாள் நொறுங்கி வரி விழும். இன்னொன்று: ஒரு பக்கம் மட்டும் பசை தடவித் தாள் ஒட்டினால் காய்ந்ததும் அட்டை அந்தப் பக்கமாக வளைந்துகொள்ளும். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டிவிட்டால் இழுப்பு சமமாகிவிடும். பைண்டிங் செய்பவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லித் தருவார்.

ஒளிவாளின் கைப்பிடிக்கு, தேவையான தடிமனில் ஒரு பி.வி.சி. பைப்பை எடுத்து அதன்மேல் பாலித்தீன் சுற்றி, மைதா பசை தடவிய கிராஃப்ட் தாளை இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே போங்கள். பாலித்தீன் இருப்பதால் பைப்பை உருவிவிடலாம். நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து கோணிவிடும். நம் ஊரின் வறண்ட காற்று நிழலிலேயே வேலையை முடித்துவிடும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இந்த ஊர் தோதாக அமைந்ததற்கு அந்தக் காற்றும் ஒரு காரணம். காய்ந்த குழாய் மரம் போல ஒலிக்கும். மரவேலைக்கு அடிக்கும் என்.சி. சீலரை இரண்டு பூச்சு கொடுத்து, 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, மறுபடி 400 நம்பர் தாளால் தேய்த்தால் அது காகிதம் என்று தொட்டுப் பார்த்தாலும் தெரியாது.

தலைக்கவசம், கையுறைக் கவசம் போன்ற வளைந்த உருவங்களுக்கு ‘பெப்பகுரா’ என்ற ஜப்பானிய மென்பொருள் உண்டு. முப்பரிமாண உருவத்தை விரித்து, மடிப்புக் கோடுகளும் எண்களும் போட்ட தட்டைத் தாள்களாகத் தந்துவிடும். தீப்பெட்டிக் கூட்டின் விரிப்பைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தத் தாள் புதிராக இருக்காது. பளபளக்கும் உலோகப் பட்டைக்கு லேபிள் அடிக்கும் மெட்டாலைஸ்டு தாள். எந்த வெள்ளி ஸ்பிரேயும் அந்தப் பளபளப்பைத் தருவதில்லை. அச்சகத்து கட்டிங் வேஸ்டில் இது கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

அட்டைக்கு எதிரி தண்ணீர். கூர்முனையோடு கீழே விழுந்தால் முனை நசுங்கும். ஐப்பசி மழையில் ஊர்வலம் என்றால் அட்டை வேண்டாம்.

ஃபோம்

அணிவதற்கு என்றால் ஈ.வி.ஏ. ஃபோம்தான், இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் அதே பொருள். உடற்கவசத்துக்கு 10 மி.மீ., வளைவுகளுக்கு 5 மி.மீ., ஓர வேலைப்பாட்டுக்கு 2 மி.மீ. ஹீட் கன்னால் சூடு காட்டினால் பரப்பிலுள்ள நுண்துளைகள் மூடி வழவழப்பாகும். சூடாக இருக்கும்போது முழங்காலில் வைத்து அழுத்தினால் வளைந்து அப்படியே நிற்கும். ‘டிக் டிக் டிக்’ படப் பாணி விண்வெளி உடையின் தோள்பட்டை, மார்புப் பலகை எல்லாம் இதில் செய்தால், பையன் மேடையில் விழுந்தாலும் அவனுக்கும் அடிபடாது, பொருளுக்கும் அடிபடாது.

ஒட்டுவதற்குத் தச்சர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசை வேண்டும். இரு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். ஹாட் குளூ சீக்கிரம் ஒட்டும், ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும். ரப்பர் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். மூடிய அறை கூடாது, பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது.

தெர்மோகோல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, லேசு, பெரிய உருவத்துக்கு ஏற்றது. மேலே நேராக ஸ்பிரே பெயின்ட் அடித்தால் கரைந்து குழி விழும். முதலில் வெள்ளைப் பசையில் தாள் ஒட்டி மூடிவிட்டுப் பிறகு வண்ணம் அடிக்க வேண்டும். எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’ 1963-லேயே பறக்கும் தட்டைத் திரையில் காட்டியது. அந்த மாதிரித் தட்டை ஆண்டு விழா மேடைக்குச் செய்வதானால் தெர்மோகோலில் செய்யலாம்.

3டி பிரிண்டர்

நல்ல கருவி. அதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதுதான் தவறு. வீட்டில் வாங்கும் பிரிண்டரின் மேடை பெரும்பாலும் 220 மி.மீ.க்கு 220 மி.மீ. அளவு. பெரியவர் தலைக்குப் போகும் கவசம் அதில் ஒரே துண்டாக வராது. நாலைந்து துண்டாக வெட்டி அடித்து, ஒட்டி, பட்டி பார்த்து, தேய்க்க வேண்டும். நாள் கணக்கில் ஓடும். நடுவில் மின்சாரம் போனால், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருந்தாலும் அந்த இடத்தில் தழும்பு விழலாம். இழை கிலோ சுமார் 1,000 ரூபாய்.

வெயில் கணக்கு இங்கேதான் உதைக்கும். எல்லாரும் முதலில் வாங்கும் பி.எல்.ஏ. இழை 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளக ஆரம்பிக்கும். மே மாத மதியம் பூட்டிய காரின் முன்கண்ணாடி ஓரத்தில் அந்தச் சூடு சாதாரணம். பி.இ.டி.ஜி. சுமார் 80 வரை தாங்கும். ஏ.பி.எஸ். 100-ஐத் தாண்டியும் தாங்கும், ஆனால் அடிக்கும்போது நாற்றமும் ஓரம் தூக்கிக்கொள்ளும் தொல்லையும் உண்டு. எனவே பி.இ.டி.ஜி. வாங்குங்கள்.

அட்டையிலும் ஃபோமிலும் செய்ய வராத சின்ன நுணுக்கங்களை இதில் அடியுங்கள்: பல்சக்கரம், குமிழ், லென்ஸ் வளையம், எழுத்துப் பட்டை. சூர்யா நடித்த ‘24’ படத்தின் காலப்பயணக் கடிகாரம் இதற்குச் சரியான உதாரணம். அந்தப் படத்தின் தயாரிப்பு வடிவமைப்புக்குத் தேசிய விருதே கிடைத்தது. கூட்டைப் பிரிண்டரில் அடித்து, உள்ளே கடிகாரம் ரிப்பேர் கடையில் கிடைக்கும் நிஜப் பித்தளைச் சக்கரங்களை வைத்தால் உயிர் வந்துவிடும். சின்னச் சின்ன பாகங்களுக்காக இயந்திரத்தையே வாங்க வேண்டியதில்லை, அடித்துக் கொடுக்கும் ஆட்கள் மதுரையில் இருக்கிறார்கள்.

ஃபைபர்

கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த ஃபைபர், உறுதியில் எல்லாவற்றையும் மிஞ்சும். ‘எந்திரன்’ படத்துச் சிட்டி ரோபோவின் தலை போன்ற வழவழப்பான உருவத்தை ஆயுசுக்கும் வைத்திருக்க வேண்டுமானால் இதுதான். ஆனாலும் வீட்டு வேலையாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரெசினின் ஆவி தலையைக் கிறுகிறுக்க வைக்கும். கெட்டியாக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்ட் பெராக்சைடு வகை. கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் அதையும் நேருக்கு நேர் கலந்துவிட்டால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. அவசியம் வேண்டுமென்றால் அச்சை நீங்கள் செய்து, வார்ப்பதை ஃபைபர் வேலைக்காரரிடம் விடுங்கள்.

காகிதக் கூழை இதற்கு மாற்றாக நினைத்துப் பாருங்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை கூழில் செய்ததுதானே! மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்பவர்களுக்கு அச்சில் அழுத்தி எடுக்கும் அந்த வேலை அத்துப்படி. கனம் கொஞ்சம் கூடும், காய நாளாகும். ஆனால் மூச்சுக்குப் பங்கம் இல்லை.

பழைய இரும்புக் கடை

முதல் பத்தியில் சொன்ன லண்டன் வழி. ‘மார்க் ஆண்டனி’ படத்தில் காலத்தைத் தாண்டிப் பேசுவது ஒரு தொலைபேசி. சுழற்றும் பழைய போன் ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சிவகாசி பழைய இரும்புக் கடைகளில் அச்சு இயந்திரங்களின் கழிவு நிறைய வரும்: சின்னப் பல்சக்கரம், அளவு பொறித்த பித்தளைத் தகடு, பித்தான், கைப்பிடி. இப்படி ஒரு நிஜ உலோகத் துண்டைப் பிடியில் பதித்துவிட்டால் மற்ற அட்டையும் உலோகம் என்றே கண் நம்பிவிடும்.

எதை எடுக்கக் கூடாது

இந்த வட்டாரத்தில் எழுதுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புகை வரட்டும், பொறி பறக்கட்டும் என்று கருந்திரியையோ பட்டாசு மருந்தையோ மாதிரிக்குள் வைக்காதீர்கள். வீட்டில் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. பட்டாசு ஆலையிலிருந்து வரும் குழாய், பெட்டி, தாள் எதையும் எடுக்காதீர்கள், உள்ளே மருந்துத் தூசி ஒட்டியிருக்கலாம். அச்சகம், பெட்டி செய்யும் இடம், பைண்டிங் கடை ஆகியவற்றில் வாங்கியது மட்டும் போதும். வெள்ளி நிறத்துக்கு அலுமினியப் பொடியைக் கலக்கும் யோசனையையும் விடுங்கள். மத்தாப்பில் வெள்ளை ஒளி தரும் பொருள் அது. டப்பாவில் வரும் வெள்ளிப் பெயின்ட்டை வாங்குங்கள். துப்பாக்கி நிறத்துக்குக் கறுப்பு அடித்துக் காய்ந்தபின் பென்சில் கரித்தூளைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் இரும்பின் மினுக்கம் வரும். பேட்டரி, எல்.இ.டி. வைத்த மாதிரியை ஆலை வளாகத்துக்குள் காட்டக் கொண்டுபோவதும் கூடாது. கைபேசியையே உள்ளே விடாத இடம் அது.

நிஜத் துப்பாக்கி போலத் தோன்றும் மாதிரிக்கு முனையில் பளிச்சென்ற வண்ணம் பூசுங்கள், பஸ்ஸில் பைக்குள் வைத்து எடுத்துப் போங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள்.

முதன்முதலாகச் செய்பவருக்கு ‘எந்திரன்’ படத்தில் சிட்டிக்குள் வைக்கும் சிவப்புச் சிப்பைச் சொல்வேன். உள்ளங்கை அளவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சிவப்பு அக்ரிலிக் துண்டை போர்டு எழுதும் கடையில் வெட்டி வாங்கி, அட்டையில் சட்டம் செய்து, மெட்டாலைஸ்டு தாளில் மெல்லிய கோடுகள் ஒட்டி, பின்னால் ஒரு சிவப்பு எல்.இ.டி.யும் பொத்தான் பேட்டரியும் வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பேட்டரி மூடியைத் திருகாணி போட்டு மூடுங்கள், விழுங்கினால் தொண்டையை அரித்துவிடும். அடுத்தது ஒளிவாள் கைப்பிடி, மேலே சொன்ன காகிதக் குழாயில். அது கை வந்தபின் ஃபோம் கவசம். இந்த மூன்றையும் முடித்தவருக்குப் பிரிண்டர் தேவையா, எந்தெந்தப் பாகத்துக்குத் தேவை என்பது தானாகவே தெரிந்துவிடும். அப்போது வாங்கலாம்.