வழித்துணைக் கதைகள்

வழிநடை வருத்தம் தீரப் பேச்சுத்துணை தேடுதல் மாந்தர்க்கு இயல்பு. கால்நடையாகப் பயணம் செய்த காலத்தில், உடன் வருவார் ஒருவர் கதை சொல்ல, மற்றவர் 'உம்' கொட்டிக்கொண்டே நடப்பர். காதத் தொலைவும் கடந்தது தெரியாமற் போகும். இந்நாளிற் பயணம் விரைவுடையதாயிற்று, பேச்சுத்துணையோ அருகிவிட்டது. அமெரிக்க நாட்டில் பணிக்குச் செல்வாருள் பெரும்பாலோர் தத்தம் காரில் தனியராகவே செல்கின்றனர். 2019ஆம் ஆண்டில் அந்நாட்டார் எடுத்த கணக்கின்படி, இல்லத்தினின்று பணியிடம் சேர ஒருவர்க்குச் சராசரியாக 27.6 நிமிடம் ஆயிற்று. போகவும் வரவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 நிமிடம். ஆண்டில் 250 நாள் பணிக்குச் செல்வார்க்கு இஃது 230 மணி நேரமாகும். அந்நேரத்திற் கண் சாலைமேல் இருக்கும்; கை சக்கரத்தின்மேல் இருக்கும்; செவி மட்டும் வறிதே இருக்கும்.

அச்செவிக்கு வேலை தரவந்த புதுமைகளுள் ஒன்று பாட்காஸ்ட். 2001ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 'ஐபாட்' என்னும் சிறு இசைக்கருவியின் பெயரோடு, ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பகுதியைச் சேர்த்து, 2004ஆம் ஆண்டில் இப்பெயரை அமைத்தனர். வானொலி தனக்குரிய நேரத்திற் பேசும். நாம் அந்நேரத்திற்குக் காத்திருத்தல் வேண்டும். பாட்காஸ்டோ நமக்காகக் காத்திருக்கும். புதிய பகுதி வெளிவந்ததும், கைப்பேசி அதனை இணையத்தினின்று இறக்கிச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆதலின் சுரங்கப்பாதையில் அலைத்தொடர்பு அற்றபோதும் கதை அறாது.

இவ்வசதியை அறிவியற் புனைகதைக்கு முதன்முதற் பயன்படுத்தியோருள் 'எஸ்கேப் பாட்' என்னும் குழுவினர் குறிப்பிடத்தக்கவர். விண்கலம் அழியும் வேளையில் உயிர் தப்ப உதவும் சிறு கலத்திற்கு அப்பெயர் உண்டு. பாட்காஸ்டின் 'பாட்' என்பதும் அதனுள் அடங்கியமை நயமுடையது. 2005ஆம் ஆண்டில் இது தொடங்கியது. அச்சக் கதைகளுக்கு 'சூடோபாட்' 2006ஆம் ஆண்டிலும், மாயக் கதைகளுக்குப் 'பாட்காசில்' 2008ஆம் ஆண்டிலும் உடன்பிறப்புகளாகத் தோன்றின. எழுத்தாளர்க்கு ஊதியம் தந்து கதையைப் பெற்று, குரல்வளம் மிக்க ஒருவரைப் படிக்கச் செய்து, விலையின்றி வழங்குவது இவர்தம் முறை. கேட்போர் விரும்பி ஈயும் பொருளே இம்முயற்சிக்கு ஊன்றுகோல். சிறுகதை ஒன்று பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துள் முடியும். ஆகவே அது பணிக்குச் செல்வாரின் வழிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் அமைந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு கதையைக் காண்போம். ஐசக் அசிமோவ் 1941ஆம் ஆண்டில், தம் 21ஆம் அகவையில் எழுதிய 'நைட்ஃபால்' என்னும் கதையை, எஸ்கேப் பாட் 2007ஆம் ஆண்டில் தன் 100ஆவது வெளியீடாக வழங்கிற்று. லாகாஷ் என்னும் உலகிற்கு ஆறு ஞாயிறுகள். ஒன்று மறைந்தால் மற்றொன்று ஒளிரும், ஆதலின் அங்குள்ளார் இரவை அறியார், விண்மீனையும் கண்டிலர். 2049 ஆண்டுகட்கு ஒருமுறை, வானில் ஒரு ஞாயிறு மட்டும் நிற்கும் வேளையில், கண்ணுக்குப் புலப்படாத திங்கள் ஒன்று அதனை மறைக்கும். இருளைக் கண்டறியாத மக்கள் சித்தம் கலங்கி, ஒளி வேண்டிக் கையிற் கிடைத்தவற்றையெல்லாம் கொளுத்துவர், நகரங்கள் வெந்தழியும். வான நூலார் இதனைக் கணக்கிட்டு முன்னரே கூறினர். செய்தியாளன் ஒருவன் அவர்களை எள்ளி எழுதினான். இருள் வந்தது. பல்லாயிரம் விண்மீன்கள் வெளிப்பட்டன. கணக்கிட்டுச் சொன்ன அறிஞரும் அவற்றைக் கண்டு நிலைகுலைந்தனர்.

இக்கதை நெடியது; ஒருநாட் பயணத்துள் முடியாது. ஞாயிறு மறையத் தொடங்கும் இடத்திற் பணியிடத்தின் வாயில் வந்துவிடலாம். அன்று முழுதும் அந்த அரையிருள் உள்ளத்தே நிற்கும். மாலையிற் கதையைக் கேட்டு முடித்துக் காரைவிட்டு இறங்குபவர் தம்மை அறியாமலே தலை நிமிர்ந்து வானத்தை நோக்குவர். நாள்தோறும் இருந்தும் நோக்காத விண்மீன்கள் அன்று புதியனவாகத் தோன்றும்.

"இல்லாத உலகத்துக் கதையால் யாது பயன்?" என்று சிலர் வினவுவர். யாமும் ஒருகால் அவ்வாறு எண்ணியதுண்டு. லாகாஷ் இல்லாத உலகந்தான். ஆயினும் அறியாததைக் கண்டு அஞ்சுதலும், அறிந்து சொல்வாரை எள்ளுதலும் நம் உலகத்து இயல்புகள் அல்லவோ? தம் ஊரின் குறையைச் சொன்னாற் சினப்பவர், தொலைவிலுள்ள ஓர் உலகின்மேல் வைத்துச் சொன்னாற் சிந்திப்பர்.

ஆனால் செவியில் ஒலி படுதல் வேறு, கேட்டல் வேறு. திருவள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்துக் கேள்விக்குத் தனி அதிகாரம் வகுத்தார். ஒருமுறை கேட்டதனோடு அமையாது மீண்டும் கேட்பானுக்கு நூலிற் பிழை நேராது என்பது நன்னூலார் கருத்து. சென்ற பகுதியைத் திருப்பிக் கேட்க வாய்ப்பளிக்கும் இக்கருவி அம்முறைக்கு இசைந்ததே. நடிகர் லெவார் பர்ட்டன் 2017ஆம் ஆண்டில் தொடங்கிய கதைத்தொடரில், கதைக்கு முன்னர் ஆழ்ந்து மூச்சு விடுமாறு கேட்போரை வேண்டிவந்தார். மனத்தை ஒருமுகப்படுத்தும் வழி அது.

மாணவர்களே! சாலையைக் கடக்கும்போதும், இருப்புப்பாதையருகிலும், மிதிவண்டியில் ஏறும்போதும் செவியை அடைக்கும் கருவியைக் கழற்றிவிடுங்கள். பின்வரும் ஊர்தியின் ஒலியைக் கேளாதவன் எந்தக் கதையின் முடிவையும் கேளான். அருகில் அமர்ந்த முதியவர் ஏதேனும் வினவினாற் கதையை நிறுத்தி விடை கூறுங்கள்; கதை காத்திருக்கும், அவர் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவார். இவ்விரண்டையும் காப்பார்க்கே வழித்துணைக் கதை நற்றுணையாகும்.