மூன்றாவது ஆள் கையெழுத்துப் போட்டால்?

விசாரிக்கப்படுகிறவரே விசாரிக்கிறவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி இரண்டு முறை பெரிதாக வெடித்தது. 1973இல் அதிபர் நிக்சன் காலத்தில் ஒரு முறை, 2017இல் அதிபர் டிரம்ப் காலத்தில் இன்னொரு முறை. இரண்டு முறையும் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் சட்டத்தால் வேலி போடும் முயற்சி நடந்தது. அதைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் ஐந்தை மட்டும் உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: அதிபர் தரப்பை விசாரிக்க அமர்த்தப்படும் சிறப்பு வழக்கறிஞரை அதிபர் இஷ்டத்துக்கு நீக்கிவிடாமல் தடுக்கச் சட்டம் இருக்கிறது.

உண்மை: இருப்பது சட்டமல்ல, விதி. 1999இல் அமெரிக்க நீதித் துறை தனக்குத் தானே எழுதிக்கொண்டது. பெயரைப் பார்த்து நீதிமன்றம் என்று எண்ணிவிட வேண்டாம். அது அதிபருக்குக் கீழ் இயங்கும் ஓர் அமைச்சகம். அதன் தலைவர் அட்டர்னி ஜெனரல். முறைகேடு, கடமை தவறுதல், செயல்பட இயலாமை, நலன் முரண் போன்ற தக்க காரணம் இருந்தால்தான் அவர் சிறப்பு வழக்கறிஞரை நீக்கலாம். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கேட்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் துறை எழுதியதைத் துறையே அழித்துவிடலாம். அதற்கு நாடாளுமன்றத்தில் ஒருவர்கூடக் கை தூக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை 2: விதியை மீறினால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

உண்மை: பார்த்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. நிக்சன் தரப்புமேல் எழுந்த வாட்டர்கேட் விவகாரத்தை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ், வெள்ளை மாளிகையின் ஒலிநாடாக்கள் வேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றார். 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை. அவரை நீக்கும்படி நிக்சனிடமிருந்து உத்தரவு வந்தது. அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன், விசாரணையில் தலையிட மாட்டேன் என்று நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தவர்; பதவி விலகினார். அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்துவிட்டார். மூன்றாவதாக இருந்த ராபர்ட் போர்க் கையெழுத்துப் போட்டார். அன்று இரவே எஃப்.பி.ஐ. ஆட்கள் காக்ஸின் அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள்.

காக்ஸைக் காத்த அன்றைய நீதித் துறை விதி மூன்றே நாளில் ரத்தானது. நீக்கிய அன்று அது நடப்பில் இருந்ததால் நீக்கம் சட்டவிரோதம் என்று மறு மாதம் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். ஆனால் காக்ஸ் திரும்பவில்லை. அந்த நாற்காலியில் லியோன் ஜவோர்ஸ்கி ஏற்கெனவே அமர்ந்திருந்தார். அந்த விசாரணை பிழைத்தது தீர்ப்பால் அல்ல. வாஷிங்டனில் வந்து குவிந்த லட்சக்கணக்கான தந்திகளைப் பார்த்து நிக்சன் பின்வாங்கியதால்.

நம்பிக்கை 3: இப்படியொரு சட்டம் அரசியல் சாசனத்துக்கே முரணானது.

உண்மை: பாதிதான் சரி. வாட்டர்கேட் அனுபவத்தின் விளைவாக 1978இல் ஒரு சட்டம் வந்தது. தனி வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை அது மூன்று நீதிபதிகளிடம் கொடுத்தது. 1988இல் உச்ச நீதிமன்றம் 7-1 என அதை ஏற்றது. எதிர்த்த ஒரே நீதிபதி அன்டனின் ஸ்காலியா. வழக்குத் தொடுப்பது நிர்வாக அதிகாரம், நிர்வாக அதிகாரம் முழுவதும் அதிபருடையது என்பது அவர் வாதம். இன்றைய உச்ச நீதிமன்றம் அன்றைய ஒற்றைக் குரலின் பக்கம் சாய்ந்திருக்கிறது. நீதித் துறை அதிகாரிகளுடன் அதிபர் நடத்தும் பேச்சுகளுக்காக அவர்மேல் வழக்கே தொடுக்க முடியாது என்று 2024 ஜூலையில் அது சொன்னது.

ஆனால் 1978 சட்டத்தை முடித்தது நீதிமன்றமல்ல. அதிபர் ரீகன் காலத்து ஈரான்-கான்ட்ரா விவகாரத்தின் விசாரணை ஆறு ஆண்டுகளுக்கு மேல் இழுத்ததில் குடியரசுக் கட்சிக்கு அதன்மேல் கசப்பு. அதிபர் கிளின்டனின் ஆர்கன்சா நில விவகாரத்தில் தொடங்கிய தனி வழக்கறிஞர் கென் ஸ்டாரின் விசாரணை மோனிகா லெவின்ஸ்கியுடனான கிளின்டனின் உறவில் போய் முடிந்ததும் ஜனநாயகக் கட்சிக்கும் வெறுத்துப்போனது. சட்டத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று ஸ்டாரே செனட் குழுவில் சாட்சியம் சொன்னார். 1999 ஜூன் 30 அன்று அது காலாவதியானது.

நம்பிக்கை 4: டிரம்ப் தேர்தல் குழுவின் ரஷ்யத் தொடர்பை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லரைக் காக்கும் மசோதா எதிர்க்கட்சியின் அரசியல்.

உண்மை: 2017 ஆகஸ்டில் வந்த இரண்டு மசோதாக்களிலும் டிரம்பின் குடியரசுக் கட்சியினர் கையெழுத்து உண்டு. குடியரசுக் கட்சி செனட்டர் தாம் டில்லிஸும் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸும் சேர்ந்து ஒன்று, அதேபோல் குடியரசுக் கட்சியின் லிண்ட்சே கிரஹாமும் ஜனநாயகக் கட்சியின் கோரி புக்கரும் சேர்ந்து இன்னொன்று. மறு ஆண்டு இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. நீக்கப்பட்டவர் 10 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். தக்க காரணம் இல்லையென்றால் பதவி திரும்பக் கிடைக்கும். அதுவரை ஆவணங்களை யாரும் தொடக் கூடாது. 2018 ஏப்ரல் 26 அன்று செனட் நீதிக் குழு 14-7 என இதை நிறைவேற்றியது. ஆதரித்த 14 பேரில் நால்வர் அதிபரின் கட்சிக்காரர்கள்.

மசோதா செனட் அவைக்கு வந்ததா? இல்லை. தேவையே இல்லை என்று சொல்லிவிட்டார் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானெல். அந்த நவம்பரில் அட்டர்னி ஜெனரல் வெளியேற்றப்பட்டு, முல்லர் விசாரணையை முன்பு விமர்சித்தவர் பொறுப்புக்கு வந்த பிறகு, குடியரசுக் கட்சி செனட்டர் ஜெஃப் ஃபிளேக்கும் கூன்ஸும் மறுபடி கேட்டார்கள். மெக்கானெல் மறுபடி மறுத்தார்.

நம்பிக்கை 5: கடைசிவரை முல்லரை யாரும் நீக்கவில்லையே. பிறகு எதற்குச் சட்டம்?

உண்மை: முல்லரின் 448 பக்க அறிக்கையே பதில் சொல்கிறது. 2017 ஜூன் 17, அதுவும் ஒரு சனிக்கிழமை. அதிபர் மாளிகை வழக்கறிஞர் டான் மெகான் வீட்டில் இருக்கிறார். தொலைபேசியில் டிரம்ப். நீதித் துறையில் விசாரணையை மேற்பார்வை செய்யும் ரோசன்ஸ்டைனைக் கூப்பிட்டு, முல்லருக்கு நலன் முரண் இருக்கிறது, அவர் போக வேண்டும் என்று சொல்லச் சொல்கிறார். டிரம்ப் அடுக்கிவந்த முரண்களில் ஒன்று, அவருடைய கோல்ஃப் கிளப்பில் முல்லர் கட்டிய பணம் பற்றிய பழைய தகராறு! மெகான் ரோசன்ஸ்டைனைக் கூப்பிடவில்லை. அலுவலகம் போய்ச் சாமான்களைக் கட்டி, ராஜினாமா கொடுத்துவிடலாம் என்று கிளம்பினார். சக அதிகாரிகள் சமாதானப்படுத்தியதில் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். முல்லர் தப்பினார்.

அதாவது, 2017இல் உத்தரவு முதல் ஆளிடமே நின்றுபோனது. 1973இல் முதல் இருவரும் மறுத்தும் மூன்றாமவர் கையெழுத்துப் போட்டார். மறுப்பவர் இருக்கும்வரை சட்டம் தேவையில்லை என்று தோன்றுவது இயல்புதான். அந்த மசோதா எழுதப்பட்டதோ மூன்றாமவரை மனத்தில் வைத்து.