டேங்குக்குள் மூழ்கிய பம்ப்

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பைக்குகளில் பம்ப் பெரும்பாலும் பெட்ரோல் டேங்குக்கு உள்ளேயே இருக்கும். ராயல் என்ஃபீல்டின் பெட்ரோல் வண்டிகளும் இப்போது இந்த வகைதான். சுற்றியுள்ள பெட்ரோல்தான் பம்ப் மோட்டாரின் சூட்டைத் தணிக்கிறது. எனவே எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும்.

சாவியைத் திருப்பியதும் ஓரிரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உடனே புது பம்ப் வாங்க வேண்டாம். கில் சுவிட்ச், ஃபியூஸ், பேட்டரி என்ற வரிசையில் முதலில் பார்ப்பது செலவை மிச்சப்படுத்தும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதே மாடலுக்குரிய பார்ட் நம்பர் முக்கியம். இன்ஜெக்‌ஷன் லைனில் அழுத்தம் சுமார் 3 பார். கார்புரேட்டர் வண்டியின் சாதாரண ஹோஸ் அதைத் தாங்காது, கசிந்தால் தீப்பிடிக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற ஹோஸும் சரியான கிளாம்பும் தேவை.

எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பிரிந்த தண்ணீர் டேங்கின் அடியில், பம்ப் உறிஞ்சும் இடத்திலேயே தேங்கும். படகு எஞ்சின்களுக்குத் தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் பொருத்துவது வழக்கம். பைக்கில் அது கிடையாது. மழைக்காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால் உள்ளே ஈரக் காற்று குறைய டேங்கை நிரப்பி வைக்கலாம்.