எந்த நிறத்தை நம்புவது? நானோசைம் அளக்க ஒரு வழிகாட்டி

தங்க நானோ துகளை வைத்து நான் முதன்முதலில் பெராக்சிடேஸ் சோதனை செய்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. மாதுளைச் சாறு மாதிரி சிவந்திருந்த கரைசல் அரை நிமிடத்தில் நாவல்பழ நிறத்துக்குப் போனது. 652 நானோமீட்டரில் ரீடிங் ஏறிக்கொண்டே இருந்தது. வேலை செய்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள், ஆக்சிஜனேற்றத்தில் நீலமாகும் டிஎம்பியைச் சேர்க்காமல் அதே சோதனையைச் செய்தேன். அதே நிறம், கிட்டத்தட்ட அதே ரீடிங். முந்தைய நாள் நான் பார்த்தது வினையூக்கமே இல்லை. அசிட்டேட் பஃபரின் உப்பும் அமிலமும் துகளைச் சுற்றியிருந்த சிட்ரேட் காப்பைக் கலைத்துவிட்டன, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டன. தனித்தனியாக இருக்கும் தங்கத் துகள் 520 நானோமீட்டர் வாக்கில் ஒளியை உறிஞ்சும். திரண்டால் அந்த உச்சி 600, 650 பக்கம் நகர்ந்துவிடும். டிஎம்பியின் நீலம் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான்.

எந்த முறையில் அளப்பது என்று கேட்டு வரும் ஆய்வு மாணவர்களிடம் அதனால்தான் நான் முதலில் துகளைப் பற்றிக் கேட்கிறேன். அதன் சொந்த நிறம் என்ன, மேற்பரப்பில் என்ன மின்னூட்டம், எந்த பிஎச்சில் நிலையாக நிற்கும்? இது தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

2004-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நொதி போல வேலை செய்யும் தங்கத் துகள்களுக்கு நானோசைம் என்று பெயர் வைத்தார்கள். 2007-இல் பெய்ஜிங்கில் சியுன் யானின் குழு, இரும்பு ஆக்சைடு துகளுக்கே பெராக்சிடேஸ் குணம் இருப்பதைக் காட்டியது. அதிலிருந்து டிஎம்பிதான் எல்லோரும் முதலில் எடுக்கும் பாட்டில். அதற்கு நல்ல காரணம் உண்டு. அதன் நீலப் பொருளுக்கு 652-இல் மோலார் உறிஞ்சும் எண் 39,000. ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் ரீடிங் 1 வந்தால் நீலப் பொருள் ஏறத்தாழ 26 மைக்ரோமோலார்தான். அவ்வளவு குறைந்த அளவையும் சாதாரண யுவி-விசிபிள் கருவி பிடித்துவிடும். ஆனால் அந்த நீலம் பாதி வழியில் நிற்கும் பொருள். பெராக்சைடு அதிகமானாலோ நேரம் நீண்டாலோ அது மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகும், 652 ரீடிங் தானாக இறங்கும். அதைப் பார்த்து துகள் செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. முதல் ஒரு நிமிடத்தின் நேர்கோட்டுச் சாய்வை மட்டும் எடுங்கள். அல்லது கந்தக அமிலம் சேர்த்து வினையை நிறுத்தி, மொத்தத்தையும் மஞ்சளாக்கி 450-இல் படியுங்கள். இரண்டையும் கலந்து ஒரே அட்டவணையில் போட வேண்டாம்.

டிஎம்பிக்கு மாற்றான ஏபிடிஎஸ்ஸின் பச்சை நீரில் நன்றாகக் கரையும், டிஎம்பி போல அடியில் படியாது. 420 வாக்கில் படிக்கலாம், ஆனால் அந்த இடத்தில் தங்கமும் ஒளியை உறிஞ்சும் என்பதால் துகளின் ரீடிங்கைக் கழித்தாக வேண்டும். இதைவிடப் பெரிய வேறுபாடு மின்னூட்டத்தில் இருக்கிறது. ஏபிடிஎஸ் எதிர்மின்னூட்டம் கொண்டது, டிஎம்பி அமிலத்தில் நேர்மின்னூட்டம் பெறும். சிட்ரேட் பூசிய துகள் டிஎம்பியை இழுக்கும், அமீன் பூசிய துகள் ஏபிடிஎஸ்ஸை இழுக்கும். வெவ்வேறு பூச்சு கொண்ட இரண்டு துகள்களை டிஎம்பியில் மட்டும் ஒப்பிட்டு ஒன்று நான்கு மடங்கு சிறந்தது என்று எழுதினால், நீங்கள் ஒப்பிட்டது உலோகத்தை அல்ல, பூச்சை. புதிய துகள் என்றால் இரண்டிலும் அளந்துவிடுங்கள். இதே வேலைக்கான இன்னொரு பொருளான ஓபிடியை நான் பரிந்துரைப்பதில்லை. வெளிச்சம் பட்டாலே நிறம் மாறும், உடலுக்கும் நல்லதல்ல.

அளவு மிகக் குறைவு, நடுநிலை பிஎச் வேண்டும் என்றால் ஆம்ப்ளெக்ஸ் ரெட் இருக்கிறது. 585 வாக்கில் ஒளிரும் ரெசோருஃபினாக மாறும். ஆனால் தங்கம் பக்கத்தில் இருந்தால் ஒளிர்வை அணைத்துவிடும். துகளைச் சென்ட்ரிபியூஜில் இறக்கிவிட்டு மேல்நீரை மட்டும் படிப்பது பாதுகாப்பு. டெரெப்தாலிக் அமிலமும் ஒளிரும் முறைதான், ஆனால் அது பதில் சொல்வது வேறு கேள்விக்கு: ஹைட்ராக்சில் ராடிகல் உண்டாகிறதா என்பதற்கு.

இனி, எந்த நொதியின் வேலையை அளக்கிறீர்கள் என்பது. இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஒரே பிளாட்டினத் துகள் அமிலத்தில் பெராக்சிடேஸ் போல நடக்கும், பிஎச் ஏறினால் கேட்டலேஸ் போலப் பெராக்சைடை உடைத்து ஆக்சிஜன் விடும். செல்லுக்குள் பெராக்சைடைக் குறைக்கத் துகள் தேடுபவர், பிஎச் 3.6-இல் எடுத்த டிஎம்பி எண்ணை வைத்துத் துகளைத் தேர்ந்தெடுத்தால் நேர் எதிரான இடத்துக்குப் போய்ச் சேருவார். கேட்டலேஸை 240 நானோமீட்டரில் பெராக்சைடு குறைவதை வைத்து அளக்கலாம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அங்கே பெராக்சைடின் உறிஞ்சும் எண் 43.6 மட்டுமே, துகளோ அந்தப் பகுதியில் பலமாக உறிஞ்சும். போதாததற்குக் குவெட் சுவரில் குமிழி ஒட்டி ரீடிங் துள்ளும். கையில் ஆக்சிஜன் மின்முனை இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

குளுட்டாதையோன் பெராக்சிடேஸ் என்றால், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கோவிந்தசாமி முகேஷின் குழு 2014-இல் வனேடியம் பென்டாக்சைடு நானோ கம்பிகளில் காட்டிய வேலை நல்ல முன்மாதிரி. குளுட்டாதையோன் ரிடக்டேஸை இணைத்து, என்ஏடிபிஎச் குறைவதை 340-இல் படிக்கும் முறை இதற்கு வழக்கம். தங்கத்துக்கு இதைச் செய்யும்போது ஜாக்கிரதை. குளுட்டாதையோனின் தயோல் தங்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், குளுட்டாதையோன் குறைந்தது வினையாலா ஒட்டியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். சூப்பர்ஆக்சைடு டிஸ்ம்யூடேஸ் (எஸ்ஓடி) கிட்களிலும் இதே மாதிரி சிக்கல் உண்டு. துகள் சாந்தைன் ஆக்சிடேஸையே தடுத்துவிட்டாலும் நிறம் குறையும், அது எஸ்ஓடி போலவே தெரியும். இபிஆரில் ராடிகலை நேரடியாகப் பார்த்து உறுதி செய்யாத எஸ்ஓடி எண்ணை நான் நம்புவதில்லை.

சோடியம் போரோஹைட்ரைடு கொண்டு 4-நைட்ரோபீனாலைக் குறைக்கும் சோதனை மலிவானது, சுலபமானது. 400-இல் மஞ்சள் மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உலோக மேற்பரப்பு வேலை செய்கிறதா என்று அறிய அருமையான முறை. நொதியின் வேலையோடு அதற்கு உறவில்லை, அதை மட்டும் வைத்து நானோசைம் என்று எழுதாதீர்கள்.

எண்ணை எதனால் வகுக்கிறீர்கள் என்பதும் தேர்வுதான். பெய்ஜிங் குழுவின் 2007 அளவில், இரும்பு ஆக்சைடுக்குப் பெராக்சைடின் கேஎம் (உச்ச வேகத்தின் பாதிக்குத் தேவையான செறிவு) 154 மில்லிமோலார், குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸுக்கு 3.7. அதாவது துகளுக்கு மிக அதிகமான பெராக்சைடு தேவைப்படுகிறது. ஆனால் டிஎம்பிக்குத் துகளின் கேஎம் 0.098, நொதிக்கு 0.434, இதில் துகள்தான் முந்துகிறது. ஒரு கேஎம்மை மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிடுவது வாசகரை ஏமாற்றுவது. ஒரு வினையூக்கி ஒரு நொடியில் எத்தனை மூலக்கூறை மாற்றுகிறது என்ற கேகேட் இன்னும் வழுக்கும். குதிரைமுள்ளங்கி நொதியில் ஒரே ஒரு ஹீம். 10 நானோமீட்டர் தங்கத் துகளில் ஏறத்தாழ 31,000 அணுக்கள், அவற்றில் மேற்பரப்பில் மட்டும் 4,000 வரை. துகள் எண்ணிக்கையால் வகுத்து, நொதியை விட நூறு மடங்கு வேகம் என்று சொன்னால், ஒரு தொழிலாளியின் கூலியை ஒரு தொழிற்சாலையின் வருமானத்தோடு ஒப்பிட்ட மாதிரி. மேற்பரப்பு அளவாலும் மில்லிகிராமாலும் வகுத்த எண்ணை அதனருகில் கொடுங்கள். சியுன் யான் குழு 2018-இல் வெளியிட்ட நெறிமுறை 37 டிகிரியில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் விளைபொருள் என்பதை ஒரு யூனிட்டாக வைத்து, மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட் என்று சொல்கிறது. அதைப் பின்பற்றினால் அடுத்தவரின் எண்ணோடு உங்கள் எண் பேசும். பிளேட் ரீடரில் படித்தால், 200 மைக்ரோலிட்டரில் ஒளி கடக்கும் நீளம் ஒரு சென்டிமீட்டர் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

யுவி-விசிபிள் கருவியும் ஒரு சென்ட்ரிபியூஜும் மட்டும் உள்ள கல்லூரி ஆய்வகம் என்றால், நான் சொல்வது டிஎம்பி, கூடவே ஐந்து குழாய்கள். துகள், டிஎம்பி, பெராக்சைடு மூன்றும் சேர்ந்தது ஒன்று. துகள் இல்லாதது ஒன்று. பெராக்சைடு இல்லாதது ஒன்று, இதிலும் நீலம் வந்தால் உங்கள் துகளுக்கு ஆக்சிடேஸ் குணமும் உண்டு. டிஎம்பி இல்லாதது ஒன்று, நான் அன்று விட்டுவிட்ட குழாய் அது. ஐந்தாவதில், துகளைப் பஃபரில் ஊறவைத்துச் சுழற்றி இறக்கிய பின் கிடைக்கும் மேல்நீர். வெள்ளிக்கும் இரும்புக்கும் இது இல்லாமல் முடியாது, கரைந்துபோன அயனியே வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். வெள்ளியைப் பெராக்சைடே அரித்துக் கரைக்கும்.

டிஎம்பி பாட்டிலைத் திறப்பதற்கு முன், துகளைப் பஃபரிலும் பெராக்சைடிலும் பத்து நிமிடம் வைத்து, 400-லிருந்து 800 வரை முழு ஸ்பெக்ட்ரம் எடுங்கள். தங்கத் துகளின் 520 உச்சி அசையாமல் நின்றால் பைப்பெட்டைக் கையில் எடுக்கலாம்.