பனிக்காலத்திலும் ஏன் அரைக்கால்சட்டை?

கேள்வி: 1920, 30களில் எடுத்த இங்கிலாந்துப் புகைப்படங்களில் சிறுவர்கள் தொப்பி, டை, கோட்டு எல்லாம் கச்சிதமாகப் போட்டிருக்கிறார்கள். கீழே மட்டும் அரைக்கால்சட்டை. அவ்வளவு குளிரில் முழங்காலை ஏன் மூடாமல் விட்டார்கள்? துணிச் சிக்கனமா?
– வாசகி, மதுரை

பதில்: நல்ல கண் உங்களுக்கு. படத்தை இன்னும் உற்றுப் பார்த்தால், வெளியே தெரிவது ஏறக்குறைய முழங்கால் மட்டும்தான் என்பது புரியும். சாம்பல்நிற ஃபிளானலில், அதாவது மிருதுவான கம்பளித் துணியில், தைத்த கால்சட்டை முழங்காலைத் தொட்டு நிற்கும். கீழேயிருந்து கம்பளிக் காலுறை ஏறி வரும். அது நழுவாமலிருக்க கார்ட்டர் என்ற எலாஸ்டிக் பட்டை. ஆக, குளிர் தாக்கியது நாலு விரல் அகலத்தைத்தான். மழையில் நனைந்த ஃபிளானல் விளிம்பு தொடையை உரசிப் புண்ணாக்கியது தனி உபத்திரவம்.

சிக்கனம் என்ற விளக்கத்தைப் பலரும் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. வளரும் பையனுக்கு முழுக்கால்சட்டை சீக்கிரமே கணுக்காலுக்கு மேலேறிவிடும்; கீழே விழுந்தால் முட்டி கிழியும். அரைக்கால்சட்டையில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஏழை வீடுகளில் அப்பாவின் பழைய கால்சட்டையை வெட்டியே பையனுக்குத் தைத்தார்கள். சரி, காசுள்ள வீட்டுப் பிள்ளைகள்? 13 வயதுவரை படிக்கும் கட்டணப் பள்ளிகளான ஆயத்தப் பள்ளிகளிலும் அரைக்கால்சட்டைதான் வழக்கமான சீருடை. அந்தப் பெற்றோருக்குக் கூடுதலாக ஒரு முழம் துணி ஒரு செலவே அல்ல.

அடுத்து, ஆரோக்கியம். புகை மூடிய தொழில் நகரங்களில் ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு வலுவிழந்து கால் வளையும் நோய், பிள்ளைகளை வாட்டியது. வெயில் பட்டால் அது குணமாகும் என்பது முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் உறுதியானது. 1924இல் சூரிய ஒளிக்காகவே பிரசாரம் செய்ய ‘சன்லைட் லீக்’ என்ற சங்கம் பிறந்தது. 1929இல் ‘ஆண்கள் உடைச் சீர்திருத்தக் கட்சி’ என்று ஒன்று லண்டனில் தோன்றி, வளர்ந்த ஆண்களும் அரைக்கால்சட்டை போட வேண்டும் என்று வாதாடியது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சாட்சியம். வெயிலும் காற்றும் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒன்றுதானே? ஆனாலும் அலுவலகம் போகிற ஆண்கள் அந்த யோசனையைத் தொடவில்லை. காரணம், அரைக்கால்சட்டை என்றால் ‘பையன்’ என்று அர்த்தம்.

உங்கள் கேள்விக்கு விடையும் அதுவே. அந்த உடை ஒரு வயது எல்லை. நம் ஊரில் பாவாடை, தாவணி, புடவை என்று பெண் பிள்ளையின் வயதை உடை சொன்ன மாதிரி, அங்கே கால்சட்டையின் நீளம் சொன்னது. அந்த எல்லை எங்கே விழுந்தது என்பதை வீட்டு நிலைமை தீர்மானித்தது. 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 14 வயதுவரை பள்ளியைக் கட்டாயமாக்கியது. தொழிலாளி வீட்டுப் பையன் பெரும்பாலும் அந்த வயதில் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனான்; முதல் முழுக்கால்சட்டையும் அதையொட்டி வந்தது. வசதியான வீட்டுப் பையன் 13 வயதில் ஈட்டன் போன்ற உயர்குடிப் பள்ளிக்குப் போனபோது அதை அடைந்தான்.

ஈட்டனில் எல்லோருக்கும் முழுக்கால்சட்டை. அப்படியானால் சின்னவன், பெரியவன் என்று எப்படிப் பிரிப்பது? கோட்டில் பிரித்தார்கள்! 5 அடி 4 அங்குலத்துக்குக் குள்ளமான மாணவனுக்கு இடுப்போடு நிற்கும் குட்டைக் கோட்டு. அதற்குமேல் வளர்ந்தவனுக்குப் பின்பக்கம் வால் நீண்ட கோட்டு.

இந்த வயது எல்லைக்கு அரைக்கால்சட்டை எப்படி அடையாளமாயிற்று? முந்தைய தலைமுறைச் சிறுவர்கள் நிக்கர்பாக்கர் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே சுருக்கிக் கட்டும் தொளதொள கால்சட்டை அது. அதன் இடத்தைத் திறந்த விளிம்புள்ள அரைக்கால்சட்டை மெல்லப் பிடித்தது. அதற்கு மவுசு கூட்டியவர்களில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் முக்கியமானவர். 1907இல் பிரவுன்ஸீ தீவில் முதல் முகாம் நடத்திய அவர், முதிய வயதிலும் சாரணர் அரைக்கால்சட்டையிலேயே மேடையேறினார். 1929இல் பர்க்கன்ஹெட் நகரின் ஆரோ பார்க்கில் உலகச் சாரணர் பெருமுகாம் கூடியபோது மழை கொட்டித் திடலே சேறாயிற்று. சேற்றைக் காலில் இருந்து கழுவிவிடலாம். கம்பளிக் கால்சட்டையிலிருந்து போக்குவது பெரும்பாடு. அங்கே இருந்த பையன்களுக்கு அரைக்கால்சட்டையின் அருமையை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த எல்லை கீழே இறங்கத் தொடங்கியது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் 11 வயதை ஒட்டி மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பியது. முழுக்கால்சட்டையும் படிப்படியாக அந்த வயதுக்கே வந்து சேர்ந்தது. ஆனாலும் சில ஆயத்தப் பள்ளிகளில் சின்னப் பையன்களுக்கு அரைக்கால்சட்டைச் சீருடை இன்றும் இருக்கிறது.