பந்து வீச்சாளரை ஆளுந் திறம்

விளையாட்டைப் பற்றித் தமிழ்ப் பகுதியில் எழுதுதல் தகுமோ என விடுதி நண்பர் ஒருவர் என்னை வினவினார். நம் மாணவருள் கிரிக்கெட்டைப் பற்றி நாடோறும் பேசாதார் மிகச் சிலரே. பேசத் தகுந்தது எழுதத் தகாதாயின், அக்குறை விளையாட்டினுடையதோ, தமிழினுடையதோ என அவரைத் திருப்பி வினவினேன். அவர் விடை கூறாது உணவுக்கூடத்துக்குச் சென்றார். ஆகலின் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மட்டையாளரைப் பாராட்டுவோர் பலர். பந்து வீச்சாளரைப் பாராட்டுவோர் சிலர். வீச்சாளரை இன்ன பொழுதில் இன்ன முனையினின்று வீசுக என ஏவி, இன்ன பொழுதில் போதும் என நிறுத்துந் தலைவனுடைய தொழிலை நோக்குவோர் மிக அரியர். அத்தொழிலே ஈண்டு யான் ஆராயப் புகுந்த பொருள். திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓரதிகாரமும், அதனையடுத்துத் தெரிந்து வினையாடல் என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். தக்கானைத் தேர்ந்தெடுத்தல் ஒன்று. தேர்ந்தெடுத்தானைத் தக்கவாறு தொழிலிற் செலுத்துதல் பிறிதொன்று. நம் ஊர்த் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் நிகழும் கிரிக்கெட்டு வழக்காடல் முழுதும் முதலதிகாரத்தோடு நின்றுவிடுகிறது. இவனை ஏன் சேர்த்தார்கள், அவனை ஏன் விட்டார்கள் என்பதன்றி, சேர்த்தவனை எவ்வாறு ஆண்டார்கள் என்று கேட்பாரைக் காணோம்.

அமெரிக்க நாட்டார் ஆடும் பேஸ்பால் என்னும் ஆட்டத்தில் இவ்வினா மிகத் தெளிவாக எழுகின்றது. ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சாளர் ஏறத்தாழ 100 பந்து வீசியதும், அவரை நீக்கலாமா, இன்னுஞ் சிறிது வைத்திருக்கலாமா என மானேஜர் எண்ணத் தொடங்குவார். ஆட்டத்தினின்று நீக்கப்பட்டவர் அவ்வாட்டத்தில் மீண்டும் புகுதல் இயலாது. பின்னர் நான்கைந்து நாள் ஓய்வு பெற்றே அவர் அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவது வழக்கம். ஆகவே ஒவ்வொரு மாற்றமும் மீட்டற்கரிய முடிவாகும். கிரிக்கெட்டிலோ, ஓர் ஓவர் முடிந்ததும் மறுமுனையினின்று வேறொருவர் வீசுதல் வேண்டும் என்பது விதி; நீக்கப்பட்டவரை ஒரு நாழிகை கழித்து மீண்டும் அழைக்கவும் தடையில்லை. இவ்வுரிமை பெரிதும் நன்மை போலத் தோன்றும். ஆனால் மீண்டும் அழைக்கலாம் என்னும் எளிமையே தலைவனைக் கெடுக்கின்றது. நல்ல வீச்சாளனை நினைத்தபோதெல்லாம் அழைத்து அழைத்து, அவன் தோள் ஓய்ந்ததை அறியாது போகின்றான்.

இதனை யான் நூலிற் கற்றிலேன். எங்கள் ஊர் வெண்ணாற்றின் கடைமடையில், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் உள்ளது. சம்பா அறுவடையானபின், நெல் நிற்கும்போதே உளுந்து தெளிக்கப்படாத வயல் ஏதேனும் ஒன்று கிடைப்பின் அதுவே எங்கள் ஆடுகளம். இரண்டாண்டுகட்கு முன் மாசி மாதத்தில், அயலூராரோடு 30 ஓவர் ஆட்டம் ஒன்று தோற்பந்து கொண்டு ஆடினோம். தலைமை என்னிடம் இருந்தது. என்னினும் இரண்டு வயது மூத்த அண்ணன் ஒருவர் இடக்கையால் வேகமாக வீசுவார். அவர் முதல் மூன்று ஓவரில் மூன்று பேரை வீழ்த்தினார். அதன்பின் அவரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. "இன்னும் ஓர் ஓவர் மட்டும், அண்ணே" என்று சொல்லிச் சொல்லி, ஒரே முனையில் தொடர்ந்து 14 ஓவர் வீசுவித்தேன். அவரும் "சரி தம்பி" என்பதன்றி வேறு கூறவில்லை. ஆட்டம் எமக்கே வெற்றி. மறுநாள் அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்ற இயலாது ஒன்பது நாள் கூலி இழந்தார். அவ்விழப்பை யான் ஈடு செய்யவில்லை. ஈடு செய்ய என்னிடம் பொருளும் இல்லை. அன்று தொட்டே இப்பொருள் என் மனத்தை விட்டு நீங்காதாயிற்று.

நீர் குறைந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவர். காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என மாறி மாறித் திறப்பர். தலைமடையார் தம் வயல் நிறைந்த பின்னும் மடையை அடையாது விட்டால், கடைமடையில் பயிர் காயும். பந்து வீச்சும் அத்தகையதே. எதிரணியின் முதல் ஆறு, ஏழு பேரை வீழ்த்தவே வலிமை முழுதையும் செலவிட்ட அணிக்கு, இறுதி மூவரை வீழ்த்த வலிமை எஞ்சுவதில்லை. அக்கடை மூவரை ஆங்கிலேயர் வால் என்பர். எங்கள் ஊரார் அதனைக் கடைமடை என்றே கூறுவர், அதுவே பொருத்தம்.

வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நிகழ்ந்ததே ரஞ்சிக் கிண்ணத்தின் முதலாட்டம். மைசூர் 48, 59, சென்னை 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. ஏ. ஜி. ராம்சிங் முதலில் 19 ஓட்டங் கொடுத்து 6 பேரையும், பின்னர் 16 ஓட்டங் கொடுத்து 5 பேரையும் வீழ்த்தினார். இத்தகைய நாளில் தலைவனுக்கு வேலையே இல்லை. ஒருவன் கையில் நாள் இருக்குமாயின் அவனை விட்டுவிடுதலே போதும். இடர்ப்பாடு எழுவது நாள் நீளும்போதுதான்.

நாள் நீண்டால் யாது நிகழும் என்பதற்கு 2020-21இல் இந்திய அணியார் ஆஸ்திரேலியாவில் ஆடிய நான்கு டெஸ்டுகளைக் காட்டலாம். கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேசல்வுட், லயன் என்னும் நால்வரையே ஆஸ்திரேலியர் நான்கு டெஸ்டிலும் களமிறக்கினர். அந்நால்வருங் கூடி அதுகாறும் வீழ்த்திய விக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டன. அவரினும் சிறந்தார் அந்நாட்டில் இல்லை. ஆகவே தேர்வில் குற்றமில்லை. சிட்னியில் மூன்றாம் டெஸ்டின் இறுதி இன்னிங்ஸில் இந்தியர் 131 ஓவர் நின்று ஆட்டத்தைச் சமனாக்கினர்; நம் அசுவினும் விகாரியும் அடிபட்ட உடலோடு கடைசிவரை அசையாது நின்றதை மறத்தற்கியலாது. அந்த 131 ஓவரும் பெரும்பாலும் அந்நால்வர் தோளினின்றே வந்தன. மூன்று நாள் இடைவெளியில், ஜனவரி 15ஆம் நாள், பிரிஸ்பேனில் அடுத்த டெஸ்டு தொடங்கிற்று. அவ்வூரில் ஆஸ்திரேலியர் 1988க்குப் பின் தோற்றறியார்.

இந்தியருக்கோ பும்ரா, அசுவின், ஜடேஜா, ஷமி, உமேஷ் யாதவ் அனைவரும் புண்பட்டு வெளியேறினர். சிராஜ், சைனி, ஷர்துல் தாகூர், நம் சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், சென்னை வாஷிங்டன் சுந்தர் என ஐவர் புகுந்தனர். ஐவருங் கூடி அதற்குமுன் ஆடியவை நான்கே டெஸ்டுகள். முதல் இன்னிங்ஸிலேயே சைனியும் புண்பட்டார். ஆயினும் நடராஜனும் சுந்தரும் தாகூரும் மும்மூன்று விக்கெட்டு எடுத்தனர். இரண்டாம் இன்னிங்ஸில் சிராஜ் ஐந்து எடுத்தார். இந்தியர் 186க்கு 6 பேரை இழந்து தள்ளாடியபோது தாகூரும் சுந்தரும் இணைந்து 123 ஓட்டஞ் சேர்த்தனர். இறுதி நாளில் 328 என்னும் இலக்கை மூன்று விக்கெட் கையிருக்க எட்டினர். கம்மின்ஸ் அன்றும் நால்வரை வீழ்த்தினார் என்பதை நடுநிலையோடு கூறவேண்டும்; அவர் தனிப்பிறவி. ஸ்டார்க்குக்கோ ஒரு விக்கெட்டுங் கிட்டவில்லை.

இந்தியத் தலைமை இதனை முன்னறிந்து வகுத்தது என்று யான் கூறேன். அவர்கள் வீச்சாளரை மாற்றியது அறிவினாலன்று, வேறு வழியின்மையாலே. அத்தொடரில் 20 பேர் களம் புகுந்தனர். வேறு வழியின்மை தந்த புதுத்தோள், பெருமை வாய்ந்த பழந்தோளை வென்றது என்பது மட்டும் உண்மை. மற்றொன்றும் நினைக்கத்தக்கது. வலைப்பயிற்சியில் வீசுதற்கென அழைத்துச் செல்லப்பட்ட நடராஜன் 44 நாளில் மூவகை ஆட்டத்திலும் முதன்முறை ஆடினார். ஊரார் தேரில் ஏற்றினர், நாமெல்லாம் கூத்தாடினோம். அவ்வாண்டு ஏப்ரலில் அவர் முழங்காலில் அறுவை செய்யப்பட்டது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று யான் துணிந்து கூறமாட்டேன். ஆயினும் அச்செய்தியைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது கொள்முதல் நிலையந்தான்.

நிற்க. நம் அணிக்கு வருவோம். தமிழ்நாடு ரஞ்சிக் கிண்ணத்தை வென்றது இருமுறையே: 1955இலும் 1988இலும். 2023-24ஆம் ஆண்டில் சாய் கிஷோர் தலைமையில் அரையிறுதி புகுந்தோம். அவர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். அவ்வாண்டு 53 விக்கெட்டு எடுத்து நாட்டிலேயே முதல்வராய் நின்றார். காலிறுதியில் கோயம்புத்தூரில் சௌராட்டிரத்தை ஓர் இன்னிங்ஸும் 33 ஓட்டமும் வித்தியாசத்தில் வென்றபோது, 9 விக்கெட்டும் எடுத்து 60 ஓட்டமும் அடித்தார். தலைவரே அணியின் தலைசிறந்த வீச்சாளர். இஃது எத்துணைச் செல்வமோ அத்துணை இடரும் ஆகும். ஏனெனில், தம்மை எப்பொழுது நிறுத்துவது என்பதைத் தாமே முடிவு செய்தல் வேண்டும்.

2024 மார்ச்சு 2ஆம் நாள் மும்பையில் அரையிறுதி தொடங்கிற்று. நாணயம் சுண்டி வென்ற நம் தலைவர் முதலில் மட்டை பிடிக்கத் தீர்மானித்தார். 42க்கு 5 பேர் வீழ்ந்து, 146இல் இன்னிங்ஸ் முடிந்தது. மும்பை 378. நாம் மீண்டும் 162. ஓர் இன்னிங்ஸும் 70 ஓட்டமும் வித்தியாசத்தில், மூன்றாம் நாளே தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் சுலக்ஷண் குல்கர்னி, முதல் நாட் காலை ஒன்பது மணிக்கே தோற்றுவிட்டோம் என்னுங் கருத்துப்படப் பத்திரிகையாளரிடம் பேசினார். தினேஷ் கார்த்திக் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். விடுதியில் அன்றிரவு பெரும்பாலார் பயிற்சியாளர் பக்கமே நின்றனர். யான் அவர்களோடு உடன்பட்டிலேன்; இன்றும் உடன்பட்டிலேன்.

காரணம் கூறுவேன். மும்பை ஒரு காலத்தில் 106க்கு 7. எம் 146ஐ எட்ட அவர்களுக்கு இன்னும் 40 வேண்டியிருந்தது. ஆட்டம் அப்பொழுது சமநிலையில் இருந்ததன்றோ? காலை ஒன்பது மணிக்குத் தோற்ற ஆட்டம் மறுநாள் எங்ஙனம் சமனாக நிற்கும்? அதன்பின் தாகூரும் தாமோரும் 105, தாகூரும் கோட்டியனும் 79, கோட்டியனும் தேஷ்பாண்டேயும் 88 எனக் கடைசி மூன்று விக்கெட்டுக்கு 272 ஓட்டம் சேர்ந்தது. நம் இரு இன்னிங்ஸுள் எதுவும் அதனை எட்டவில்லை. பிரிஸ்பேனில் சுந்தரோடு நின்று ஆடிய அதே தாகூர், இம்முறை சுந்தரின் பந்தையும் எதிர்த்து 109 அடித்தார்; முதல்தர ஆட்டத்தில் அவருக்கு அதுவே முதற் சதம். சாய் கிஷோர் 99 ஓட்டத்துக்கு 6 விக்கெட்டு எடுத்தார். தாமே ஆறு பேரை வீழ்த்திய தலைவரைத் தோல்விக்குக் காரணர் என்பது நன்றிகொன்ற பேச்சு.

ஆயினும் அவருடைய ஆட்சியில் குறையே இல்லை என்பது என் கருத்தன்று. முதல் ஏழு பேர் விரைவில் வீழ்ந்தது வெற்றியின் மயக்கத்தை உண்டாக்கியிருக்கலாம். கடைமடைக்கென ஒரு புதுத்தோளைச் சேமித்து வைத்தல் அப்பொழுதே செய்யவேண்டியது. அதனை வீசிக்கொண்டிருக்கும் ஒருவர், கை விரலில் பந்தும் மனத்தில் அடுத்த பந்தின் சூழ்ச்சியுமாய் இருப்பவர், தொலைவினின்று காண்பது அரிது. அவ்விடத்தே உதவற்குரியார் எல்லைக்கோட்டுக்கு வெளியே அமர்ந்திருக்கும் பயிற்சியாளரே. நாணயச் சுண்டலைப் பற்றி மூன்றாம் நாள் பேசியதினும், 106க்கு 7 என்னும் பொழுதில் ஒரு சொல் களத்துக்குள் அனுப்பியிருந்தால் பயன்பட்டிருக்கும். அனுப்பினாரோ என்னவோ, அனுப்பியும் பயன்படாது போயிற்றோ என்னவோ. வெளியே பேசப்பட்டது சுண்டலைப் பற்றி மட்டுமே.

வீச்சாளரே தலைவராதல் கூடாது என்று இதனாற் கொள்ளற்க. 1988இல் சேப்பாக்கத்தில் இரயில்வே அணியை வென்று கிண்ணம் பெற்றபோது தலைமை தாங்கிய வாசுதேவனும் இடக்கைச் சுழலரே.

மோசேயின் நியாயப்பிரமாணம் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு விதித்தது. பேசும் வாயில்லாத நிலத்துக்கே அது வேண்டுமென்றால், 'சரி தம்பி' என்பதன்றி வேறு பேசாத தோளுக்கு எத்துணை வேண்டும் என்று சென்ற மாசியில் எண்ணினேன். அவ்வண்ணனுக்கு ஒரு முறைக்கு நான்கு ஓவர், ஆட்டத்துக்கு எட்டு ஓவர் என்று எழுதி வைத்துக்கொண்டு களம் இறங்கினேன். நான்காம் ஓவரில் அவர் இரண்டு பேரை வீழ்த்தினார். பந்தை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தேன். அவர் என்னோடு அன்று மாலை வரை பேசவில்லை, ஆட்டத்தையும் தோற்றோம். மறுநாட் காலையில் அவர் மூட்டை தூக்கச் சென்றதைத் திண்ணையிலிருந்து கண்டேன்.